நண்பன் வீட்டுக் கணினியில் காணாமல் போன கோட்டை

"மைன்கிராஃப்ட் கோப்பைப் பென் டிரைவில் போட்டு நண்பன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். விளையாட்டு திறக்கிறது. மூன்று வாரம் கட்டிய கோட்டையைக் காணவில்லை. வைரஸா?" என்று கேட்கிறார் பத்தாம் வகுப்பு வாசகர் ஒருவர்.

வைரஸ் இல்லை. கோட்டை பென் டிரைவில் ஏறவே இல்லை. வீட்டுக் கணினியில்தான் பத்திரமாக இருக்கிறது.

1993-இல் வந்த டூம் என்ற சுடும் விளையாட்டு, டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) கணினியில் சேமித்த ஆட்டங்களையும் தன் கோப்புறையிலேயே வைத்துக்கொண்டது. பிறகு ஒரே கணினியைப் பலர் பகிரத் தொடங்கினார்கள். அண்ணன் ஆட்டத்தைத் தம்பி அழித்துவிடக் கூடாதே! ஆகவே விண்டோஸ் ஆளுக்கொரு ஆப்டேட்டா கோப்புறையை ஒதுக்கியது. மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு நீங்கள் கட்டும் உலகத்தை, கோட்டையோடு சேர்த்து, அங்கேதான் எழுதுகிறது.

அந்த இடம் அதற்கு எப்படித் தெரியும்? இங்கேதான் எனக்குப் பிடித்த தந்திரம் வருகிறது. ஒரு நிரல் இன்னொன்றைத் தொடங்கும்போது கையில் ஒரு சீட்டைக் கொடுத்தனுப்புகிறது. "ஆப்டேட்டா இன்ன இடம்" என்பது போன்ற வரிகள் அதில் இருக்கும். இவற்றைச் சூழல் மாறிகள் என்பார்கள். கிடைப்பது நகல்தான், அதில் என்ன கிறுக்கினாலும் கொடுத்தவரின் சீட்டு மாறாது. மைன்கிராஃப்டின் பழைய துவக்கி அந்தச் சீட்டை அப்படியே நம்பியது. ஆகவே அந்தத் துவக்கிக்கு, பென் டிரைவில் இரண்டு வரி பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த சிறு உரைக்கோப்பு) போதுமானதாக இருந்தது. முதல் வரி, ஆப்டேட்டா என்பது பென் டிரைவில் உள்ள கோப்புறை என்று சீட்டைத் திருத்தும். இரண்டாவது வரி விளையாட்டைத் தொடங்கும். அது பென் டிரைவிலேயே கோட்டை கட்டும். நண்பனின் விண்டோஸுக்கு எதுவும் தெரியாது.

உங்கள் வீட்டில் 'இ' என்று தெரியும் பென் டிரைவ், அங்கே 'எஃப்' ஆகலாம். அதனால் எழுத்தைக் குறிப்பிடாமல், "இந்த பேட்ச் கோப்பு இருக்கும் இடம்" என்று பொருள்படும் குறியீட்டை எழுத வேண்டும்.

எல்லா விளையாட்டும் ஏமாறாது. சில, சீட்டைப் பார்க்காமல் விண்டோஸையே நேரடியாகக் கேட்கும். சரஸ்வதி பூஜைக்குக் கணினியில் குங்குமம் வைப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் விண்டோஸ் சொல்லும் அந்த இடம் குங்குமத்துக்கு மாறாது. தொழிற்சாலை கட்டும் விளையாட்டான ஃபேக்டோரியோவின், நிறுவாமல் ஓடும் ஜிப் பதிப்போ, சேமிப்பைத் தன் கோப்புறையிலேயே வைக்கிறது. எல்லோரும் இப்படிச் செய்தால் என்னவாம்?

ஆட்டம் ஓடும்போது பென் டிரைவைப் பிடுங்காதீர்கள். ஃபிளாஷ் நினைவகத்தால் ஓர் எழுத்தை மட்டும் அழிக்க முடியாது. ஒரு தொகுதியையே அழித்து எழுத வேண்டும். பாதியில் பிடுங்கினால் கோட்டையின் ஒரு பக்கம் உண்மையாகவே போய்விடலாம்.