பெயரற்ற பகிர்வில் யாருக்குப் பெயர் இல்லை?

மென்பொருள் தமிழாக்கத்தில் ‘அனானிமஸ் ஃபைல் ஷேரிங்’ என்பதற்கு வைத்த ‘பெயரற்ற கோப்புப் பகிர்வு’ என்ற தொடர் மறுபடி கண்ணில் பட்டது. இனிமேலும் பேசாமல் இருக்க முடியவில்லை. நம் கணினியில் உள்ள கோப்பை, கொடுப்பவர் யாரென்று தெரியாதபடி இன்னொருவருக்குக் கொடுப்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரிடம் இதை நீட்டிப் பாருங்கள். பெயர் இல்லாதது கோப்புக்கா, பகிர்வுக்கா, ஆளுக்கா என்றுதான் கேட்பார்.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். மூலச் சொல்லான அனானிமஸ், கிரேக்கத்தில் பிறந்து லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். ‘அன்’ இன்மை, ‘ஓனுமா’ பெயர். வடமொழியின் அநாமதேயமும் இதே கட்டுதான்: ‘அ’ இன்மை, ‘நாமதேயம்’ பெயர். கிரேக்கப் பெயரும் வடமொழி நாமமும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. இதைப் பார்த்துவிட்டுத் தனித்தமிழ் அன்பர்கள் பெயர், அற்ற என்று இரண்டு துண்டுகளை ஒட்டிக் கொடுத்தார்கள். வேரை மொழிபெயர்த்தாயிற்று. ஆனால் அந்தச் சொல் இன்றைக்கு என்ன வேலை செய்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆனியன்ஷேர் என்ற கட்டற்ற மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். 2014இல் மைக்கா லீ என்ற நிரலாளர் உருவாக்கியது. அதில் ஒரு கோப்பைப் போட்டுப் பகிரத் தொடங்கினால் நம் கணினியே ஒரு சிறு வலை வழங்கி (வெப் சர்வர்) ஆகிவிடும். ஒரு நீண்ட முகவரி கிடைக்கும். ஆனியன் என்று முடியும் அந்த முகவரியில், முடிவுக்கு முன்னால் மட்டும் 56 எழுத்துகளும் எண்களும் கலந்திருக்கும். அதையும், கூடவே வரும் தனித்திறவி என்ற ரகசியக் குறியையும் பெறுபவருக்குச் சேர்ப்பித்தால், அவர் டோர் உலாவியில் (இருக்குமிடம் காட்டாமல் இணையத்தில் உலவ உதவும் மென்பொருள்) திறந்து கோப்பை எடுத்துக்கொள்வார். நடுவில் எந்த நிறுவனத்தின் வழங்கியிலும் கோப்பு தங்குவதில்லை. இணைப்பு பல கணுக்கள் (இடையில் நிற்கும் கணினிகள்) வழியாக, அடுக்கடுக்கான மறையாக்கத்தோடு (என்கிரிப்ஷன்) போகிறது. ஒவ்வொரு கணுவுக்கும் தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பது மட்டும்தான் தெரியும். அதனால் கொடுப்பவரின் ஐ.பி. முகவரி (இணையத்தில் அவர் கணினியைக் காட்டிக்கொடுக்கும் எண்) பெறுபவருக்குத் தெரியாது, பெறுபவருடையது கொடுப்பவருக்கும் தெரியாது.

இதில் பெயர் எங்கே வந்தது? யாரும் யாரிடமும் பெயர் கேட்கவேயில்லை. மறைந்திருப்பது இடமும் ஆளும்.

இன்னும் ஒரு வேடிக்கை. பெயர் மறைவதற்கு உத்தரவாதமே கிடையாது. அலுவலக ஆவணக் கோப்பு ஒன்றை எடுத்து அதன் பண்புகளைப் பாருங்கள், எழுதியவர் பெயர் உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். ஒளிப்படத்தில் எடுத்த இடமும் நேரமும்கூட இருக்கலாம். டோர் வழியை மறைக்கிறது, கோப்பின் வயிற்றில் இருப்பதை அது தொடுவதில்லை. ‘பெயரற்ற பகிர்வு’ என்று எழுதியிருப்பதை நம்பி, தன் பெயர் பதிந்த கோப்பையே ஒருவர் அனுப்பினால் பாதிக்கப்படுவது மொழிபெயர்ப்பாளர் இல்லை.

இலக்கணமாகப் பார்த்தாலும் இடிக்கிறது. ‘அற்ற’ என்றால் இல்லாமல் போன. அனுப்புகிறவருக்குப் பெயர் இருக்கிறது, சொல்ல விரும்பவில்லை, அவ்வளவுதான். பெயர் தொலைவது வேறு, பெயரைச் சொல்லாதிருப்பது வேறு. தமிழுக்கு இந்த வேறுபாடு புதிதே இல்லை. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் போன்ற குறுந்தொகைப் புலவர்களின் இயற்பெயர் தொலைந்துவிட்டது. அவர்கள் பாட்டில் வந்த தொடரையே எடுத்துப் பெயராகச் சூட்டினார்கள். அகப்பாட்டின் தலைவனும் தலைவியும் அப்படியா? ‘சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்’ என்று தொல்காப்பியம் விதியே வைத்தது. அங்கே பெயர் வேண்டுமென்றே சொல்லப்படாதது. அனானிமஸ் பகிர்வு இந்த இரண்டாம் வகையோடுதான் ஒட்டும், ‘அற்ற’ முதல் வகைக்குப் போகிறது.

‘மொட்டைக் கடிதம்’ இருக்கிறதே என்பார்கள். அருமையான சொல். ஆனால் அதில் மொட்டை கடிதம்தான்: கையெழுத்து இல்லை, பெயர் இல்லை. அடை சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. கோப்பு மொட்டையா இல்லையா என்பது நம் கேள்வியே அல்ல.

அடுத்த குற்றவாளி ‘ரகசியப் பகிர்வு’. என்ன அனுப்புகிறோம் என்பது மறைந்தால் ரகசியம். யார் அனுப்புகிறோம் என்பது மறைந்தால் அனானிமஸ். ஊழலை அம்பலப்படுத்துகிறவர் ஆவணம் ஊருக்கே தெரிய வேண்டும், தான் தெரியக் கூடாது என்று நினைக்கிறார். வழக்கறிஞரும் கட்சிக்காரரும் ஒருவரையொருவர் நன்றாக அறிவார்கள், காகிதம் மட்டும் வெளியே போகக் கூடாது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுகிறவர் இரண்டையுமே புரிந்துகொள்ளவில்லை. புனைபெயரில் எழுதுகிறவரையும் அனானிமஸ் கணக்கில் சேர்க்கிறார்கள், அது தனிக் கூத்து. ஆனியன்ஷேரை ‘வெங்காயப் பகிர்வு’ ஆக்கிய கைங்கரியமும் நடக்கலாம். வெங்காயத் தோல் போன்ற மறையாக்க அடுக்குகளைக் குறித்து வைத்த பெயர் அது, பெயரைப் பெயராக விடுங்கள்.

அநாமதேயத்தை வடசொல் என்பதற்காக நான் தள்ளவில்லை. ‘அநாமதேயப் பேர்வழி’ என்றதும் ஊர் பேர் தெரியாத, சந்தேகப்பட வேண்டிய ஆசாமி என்ற நெடி வந்துவிடுகிறது. தன் பாதுகாப்புக்காக மறைந்திருப்பவருக்கு அந்த நெடி எதற்கு? வலைப்பதிவுக் காலத்து ‘அனானி’ செல்லமாக இருந்தது, ஆனால் அதை ஒரு பொத்தானில் எழுத முடியாது.

என் ஓட்டு ‘ஆள் தெரியாப் பகிர்வு’. இருட்டில் ஆள் தெரியவில்லை என்று நாம் எப்போதும் சொல்வதுதானே. வினையாக்குவதும் எளிது: ஆள் தெரியாமல் பகிர், ஆள் தெரியாமல் பெறு. ‘அடையாளம் மறைத்த பகிர்வு’ பிழையில்லை, கொஞ்சம் நீளம். ஆனால் அதில் மறைத்தவர் ஒருவர்தான் என்ற தொனி இருக்கிறது. ஆள் தெரியாமை இரு பக்கத்துக்கும் பொருந்தும். இங்கே பெறுபவரும் மறைந்துதான் இருக்கிறார்.

தயவுசெய்து இதன் பக்கத்தில் ‘பதிவேற்று’ என்று பொத்தான் வைக்காதீர்கள். கோப்பு எங்கேயும் ஏறுவதில்லை. நம் கணினியிலேயே இருக்கிறது, பெறுபவர் வந்து எடுத்துக்கொள்கிறார். அவர் எடுத்து முடிப்பதற்குள் கணினியை அணைத்துவிட்டால் பகிர்வும் அதோடு நின்றுவிடும். பதிவேற்றியாயிற்று என்று நினைத்தவர் கணினியை மூடிவைத்துவிட்டுப் போவார், அந்தப் பக்கம் ஒருவர் திறக்காத முகவரியைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பார். ‘பகிரத் தொடங்கு’, ‘பகிர்வை நிறுத்து’ என்றே வையுங்கள்.