விஸ்காசிட்டின்னா அடர்த்தி இல்லங்க, பாகுநிலை

"பழைய ஜீப்புக்கு அடர்த்தி அதிகமான இன்ஜின் ஆயில் ஊத்துங்க." விஸ்காசிட்டின்னா ஆயில் ஓடும்போது எவ்வளவு தடுக்குதுங்கற அளவு, அத "அடர்த்தி"ன்னு மொழிபெயர்த்து வச்ச இந்த வரிய எத்தனை எடத்துலதான் படிக்கிறது. ஆயில் கேனோட வர்ற தமிழ் துண்டுச்சீட்டுல இருக்கு, வண்டி பத்தி தமிழ்ல எழுதுற கட்டுரையில இருக்கு, வீடியோவுக்குக் கீழ ஓடுற எழுத்துல இருக்கு. போன மாசம் இதே வார்த்தையால என் சேக்காளி ஒருத்தன் காசும் விட்டு போடிமெட்டு ஏத்தத்துல வண்டியையும் நிறுத்த வேண்டியதாப் போச்சு, அதுக்கு மேல பொறுக்க முடியாம இத எழுதுறேன்.

அவன்கிட்ட இருக்கறது பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப், பெஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி. நல்லா ஓடித் தேஞ்ச இன்ஜின். காலையில ஸ்டார்ட் பண்ணா ஒண்ணும் தெரியாது, மலையேறி சூடான பெறகு வண்டிய நிறுத்தி ஐடில்ல விட்டா ஆயில் லைட் (ஆயில் பிரஷர் கொறஞ்சா எரியற வெளக்கு) மினுக்கும். 15டபிள்யூ-40ங்கற ரக ஆயில் ஊத்திட்டு இருந்தான், 20டபிள்யூ-50க்கு மாறலாமான்னு யோசிச்சிருக்கான். படிச்ச பையன், ரெண்டு ஆயிலோட விவரத்தாளையும் எறக்கிப் பாத்திருக்கான். எங்க பாத்தாலும் "அடர்த்தி அடர்த்தி"ன்னே போட்டிருக்கானுங்களா, அதனால தாள்ல டென்சிட்டின்னு இருக்கற வரியத் தேடி எடுத்து ஒப்பிட்டுட்டான். ஒண்ணு 0.88, இன்னொண்ணு 0.89. "ரெண்டும் ஒண்ணுதான மாப்ள, எதுக்கு மாத்தணும்"னு பழையதையே திரும்ப வாங்கி ஊத்திட்டான். அதே தாள்ல ரெண்டு வரி தள்ளி விஸ்காசிட்டின்னு தனியா போட்டிருக்கு, 100 டிகிரியில ஒண்ணு 14 சொச்சம், இன்னொண்ணு 18 சொச்சம். அவன் பாக்க வேண்டிய வரி அதுதான். அவன் மேல என்ன தப்பு சொல்றது? பள்ளிக்கூடத்துல அடர்த்தின்னா டென்சிட்டின்னு சொல்லிக் குடுத்தாங்க, அவன் அதைச் சரியாத்தான் ஞாபகம் வச்சிருந்தான்.

வார்த்தையோட பொறப்ப சுருக்கமா சொல்லிடறேன். விஸ்காசிட்டிங்கறது லத்தீன்ல விஸ்கம்ங்கற சொல்லுல இருந்து வந்தது. விஸ்கம்னா மரத்து மேல ஒட்டி வளர்ற ஒரு புல்லுருவி, அதோட பழத்துல இருக்கற பிசின எடுத்து குச்சியில தடவி குருவி புடிப்பாங்க. நம்ம ஊர்ல ஆலம்பால வச்சுப் புடிச்ச மாதிரி. அந்தப் பிசினு குணத்துல இருந்துதான் வார்த்தை வந்துச்சு. இன்னிக்கு அதுக்கு அர்த்தம், ஒரு திரவம் ஓடும்போது அதோட ஒரு படலம் பக்கத்துப் படலத்தப் புடிச்சு இழுத்து எவ்வளவு தடுக்குதுங்கறது. அவ்வளவுதான்.

இப்ப அடர்த்திக்கு வருவோம். அடர்ந்த காடு, அடர்த்தியான முடின்னு சொல்றோம்ல, நெருக்கமா நிறைஞ்சிருக்கறதுதான் அடர்த்தி. ஒரு லிட்டருக்குள்ள எவ்வளவு நிறை இருக்குன்னு சொல்ல இதவிட நல்ல சொல்லு கெடையாது. ஆனா அது ஓட்டத்தப் பத்தி ஒண்ணுமே சொல்லாது. இன்ஜின் ஆயில் தண்ணியில மிதக்குது, அப்ப தண்ணியவிட அடர்த்தி கம்மி, ஆனா ஊத்திப் பாத்தா தண்ணி சர்ருனு ஓடிடும், ஆயில் மெதுவா எறங்கும். பாதரசத்த எடுத்துக்கங்க, தண்ணியவிட 13 மடங்குக்கு மேல அடர்த்தி, ஆனா அதோட விஸ்காசிட்டி தண்ணியப் போல ஒண்ணரை மடங்குதான். இந்த ரெண்டும் ஒரே விசயம்னு ஒருத்தர் மொழிபெயர்த்தா அவரு ரெண்டையும் யோசிக்கவே இல்லைன்னுதான் அர்த்தம்.

அதவிட முக்கியமானது சூடு. ஒரு 20டபிள்யூ-50 ஆயில 40 டிகிரியில இருந்து 100 டிகிரிக்கு சூடாக்குனா அடர்த்தி நூத்துக்கு நாலஞ்சு பங்குதான் கொறையும். விஸ்காசிட்டியோ சுமாரா 160ல இருந்து 18க்கு வந்துரும், ஒம்போதுல ஒரு பங்கு! என் சேக்காளியோட ஆயில் லைட் ஏன் காலையில மினுக்காம மலையேறுன பெறகு மினுக்குதுங்கறதுக்கு முழுப் பதிலும் இந்த ஒம்போதுல ஒரு பங்குலதான் இருக்கு. மலைப்பாதையில வண்டி மெதுவாப் போகும், காத்து அடிக்காது, லோடு மட்டும் முழுசா இருக்கும், ஆயில் நல்லா காயும். பேரிங் தேஞ்சு இடைவெளி கூடியிருக்கற இன்ஜின்ல தண்ணியான ஆயில் அந்த இடைவெளி வழியா சுலபமா வழிஞ்சிரும், பிரஷர் நிக்காது. "அடர்த்தி"ன்னு சொல்லி இத வெளக்கவே முடியாது, ஏன்னா அடர்த்தி அங்க பெருசா மாறவே இல்ல.

ஆயில் பேருல இருக்கற அந்த நம்பர்களும் விஸ்காசிட்டியச் சொல்லத்தான். 50ங்கறது 100 டிகிரியில 16.3ல இருந்து 21.9 சென்டிஸ்டோக்ஸ்க்குள்ள (விஸ்காசிட்டிய அளக்கற அலகு) இருக்கணும், 40ன்னா 12.5ல இருந்து 16.3க்குள்ள. டபிள்யூன்னா குளிர்காலத்தோட ஆங்கில முதலெழுத்து, அதையும் "வெயிட்"னு நெனச்சு "எடை 20"னு ஒரு எடத்துல மொழிபெயர்த்து வச்சிருந்தாங்க, படிச்சிட்டு மனசு விட்டுப் போச்சு. 20டபிள்யூக்கான ஸ்டார்ட்டிங் சோதனை மைனஸ் 15 டிகிரியில நடக்கும், நம்ம ஊட்டியில உறைபனி விழுற காலையிலகூட அந்தக் குளிர் வராது. அதனால நம்ம பக்கம் பழைய வண்டிக்கு முன்னாடி இருக்கற நம்பரவிட பின்னாடி இருக்கற நம்பர்தான் பெரிய விசயம்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? பாகுநிலை. பாடப்புத்தகத்துல ஏற்கனவே இருக்கற சொல்லுதான், யாரும் புதுசா உண்டாக்க வேண்டியதில்ல. இது எனக்குப் புடிக்கறதுக்குக் காரணம் நம்ம அடுப்படி. அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சுற எங்க அம்மா கரண்டியத் தூக்கி ஒழுகுறதப் பாத்தே கம்பிப்பதமா, உருட்டுப்பதமான்னு சொல்லிருவாங்க, எடை போட்டுப் பாத்ததே இல்ல. எப்படி ஒழுகுதுங்கறதுதான் அங்க கணக்கு. அதே பாகு சூடா இருக்கயில இளகி ஓடும், ஆறுனா எறுகி நிக்கும், இன்ஜின் ஆயிலும் அதேதான். திரவத்தோட ஓட்டத்த அளக்க இப்படி ஒரு சொல்லு வீட்டுலயே இருக்கும்போது காட்டையும் முடியையும் வர்ணிக்கிற சொல்ல எதுக்குக் கடன் வாங்கணும்?

பாகுன்னா இனிப்பு ஞாபகம் வருது, அதனால பிசுபிசுப்பு, ஒட்டும்தன்மை, பசைத்தன்மைன்னு போடலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க. லத்தீன்ல பிசினுதானே மூலம், அதுக்கு இது நெருக்கம்தானேன்னு கேப்பாங்க. நெருக்கம்தான், ஆனா இன்னிக்கு அர்த்தம் அது இல்ல. ஒட்டுறதுங்கறது திரவம் வேற ஒரு பொருளப் புடிக்கறது, பாகுநிலைங்கறது திரவம் தன்னையே புடிக்கறது. "பிசுபிசுப்பு அதிகமான ஆயில்"னு படிச்சா ஏதோ கெட்டுப்போய் பிசுக்கு புடிச்ச ஆயில்னுதான் வண்டிக்காரனுக்குத் தோணும். சிலர் பிசுக்குமைன்னு எழுதுறாங்க, அதுல கொறஞ்சபட்சம் வேற அளவோட கொழப்பம் வராது, அதனால அதோட எனக்குப் பெருசா சண்ட இல்ல.

ஒர்க்‌ஷாப்புல இந்தச் சிக்கலே கெடையாதுங்கறத இங்க சொல்லியாகணும். மேஸ்திரி யாரும் அடர்த்தின்னு சொல்லி நான் கேட்டதில்ல. "ஆயில் தண்ணியாயிருச்சுண்ணே", "கொஞ்சம் கெட்டியா ஊத்துவோம்", கியர்பாக்ஸுக்குன்னா "90 ஆயில் குடு". கெட்டி, தண்ணி, ரெண்டுமே ஓட்டத்தச் சொல்ற சொல்லு, ரெண்டுமே சரி. (அந்த 90ங்கறது கியர் ஆயிலுக்கான தனி அளவு, இன்ஜின் ஆயில் 50ஓட ஒப்பிட்டு "ரெண்டு மடங்கு கெட்டி"ன்னு எழுதுறதும் தப்பு, 100 டிகிரியில ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான் நிக்கும்.) தமிழ கெடுக்கறது கைல கிரீஸ் ஒட்டுன ஆளு இல்ல, அகராதியத் தொறந்து மொத சொல்ல எடுத்துப் போட்டுட்டு அடுத்த வரிக்குப் போற ஆளுதான். ஆயில ஒருதடவ புனல்ல ஊத்திப் பாத்திருந்தா அந்தச் சொல்ல எழுத கை வந்திருக்காது. சுத்தத்தமிழ்ல எழுதுறேன்னு தப்பான சொல்லப் போடறதுக்கு "விஸ்காசிட்டி"ன்னே தமிழ் எழுத்துல எழுதிட்டுப் போயிடலாம், படிக்கறவன் சரியான வரியயாவது பாப்பான்.

சேக்காளி வண்டிக்கு என்ன பண்ணோம்னு கேப்பீங்க. மொதல்ல மீட்டர் மாட்டி பிரஷர் பாத்தோம், லைட்டோட ஸ்விட்ச் கெட்டும் மினுக்கும்ல. நெசமாவே பிரஷர் கம்மிதான். 20டபிள்யூ-50, டீசலுக்கான தரம் போட்டது, ஊத்துனோம், சூடான பெறகும் லைட் மினுக்கல. நல்லா இருக்கற இன்ஜினா இருந்தா 15டபிள்யூ-40ஏ போதும், கையேட்டுல சொன்னதத் தாண்டிக் கெட்டியா ஊத்துனா பிரஷர் மீட்டர் ஏறும், ஆனா காலையில இன்ஜின் மேல வால்வ அமுக்குற ராக்கருக்கு ஆயில் போய்ச் சேர நேரமாகும். இவன் இன்ஜின் தேஞ்சது, பேரிங் மாத்துற வரைக்கும் இது ஓடும். அந்த விவரத்தாள்ல விஸ்காசிட்டி வரிக்குப் பக்கத்துல பேனாவால பாகுநிலைன்னு எழுதி டேஷ்போர்டுல வச்சிருக்கான்.