கூரை வெட்டு அல்ல, கூரை இறக்கம்

"கூரை வெட்டப்பட்ட 1951 ஷெவர்லே பிக்கப்" என்று ஒரு காணொளியின் தமிழ் வசன வரியில் போன வாரம் மறுபடியும் படித்தேன். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ. கூட உட்கார்ந்திருந்த நண்பர், வண்டி திரையில் வருவதற்கு முன்பே, "மேலே மூடி இல்லாத வண்டியா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை, அந்தத் தமிழ் அதைத்தான் சொல்கிறது. வந்த வண்டிக்குக் கூரை முழுசாக இருந்தது. மூன்று நான்கு அங்குலம் கீழே இறங்கி, கண்ணாடிகள் ஒடுங்கி, புருவத்தை இழுத்துவிட்ட முகம் மாதிரி இருந்தது.

கூரையை இப்படிக் கீழே இறக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் டாப் சாப் என்று பெயர். சாப் என்றால் ஓங்கி வெட்டுவது. பிரித்து மாற்றிய மோட்டார் சைக்கிளுக்குச் சாப்பர் என்று பெயர் வந்ததும் இதிலிருந்துதான். 1930களில் தெற்குக் கலிபோர்னியாவின் மியூராக் மாதிரியான வறண்ட ஏரிப்படுகைகளில் பழைய ஃபோர்டு கார்களை விரட்டியவர்கள், காற்றில் மோதும் முன்பரப்பைக் குறைத்தால் வேகம் கூடும் என்று இதைச் செய்தார்கள். அப்புறம் வேகம் பின்னுக்குப் போய்த் தோற்றத்துக்காகவே செய்வது வழக்கமாகி, பிக்கப்புகளுக்கும் வந்தது. சொல்லின் வரலாறு இவ்வளவு போதும்.

இனி, எது வெட்டப்படுகிறது? கூரை அல்ல, கூரையைத் தாங்கும் தூண்கள். முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்கள், கதவுக்குப் பின்னால் உள்ள தூண்கள், பின்கண்ணாடியைச் சுற்றிய தகடு, கதவுகளின் மேல்சட்டம் எல்லாவற்றிலும் ஒரே அளவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, கூரையைக் கீழே வைத்துப் பற்றவைக்கிறார்கள். முன்தூண் சாய்ந்து நிற்பதால், உயரம் குறைந்ததும் அதன் தலை கூரையின் முனையோடு சேராது. தூணைச் சாய்க்க வேண்டும், அல்லது கூரையையே குறுக்கே அறுத்து நடுவில் தகடு சேர்த்து நீட்ட வேண்டும். கவனியுங்கள், 'கூரை வெட்டு' என்கிற வேலையில் பல நேரம் கூரை வளரத்தான் செய்கிறது!

கண்ணாடி தனிக் கதை. 1953 வரை வந்த ஷெவர்லே பிக்கப்புகளின் முன்கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகள், புது அளவுக்கு வெட்டிப் போடுவது எளிது. 1954-இல் ஒரே துண்டாக, வளைந்து வந்தது, அங்கே பாடு அதிகம். நடுவே படலம் வைத்து ஒட்டிய கண்ணாடியை இரு பக்கமும் கீறி வெட்டலாம். சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடியில் கை வைத்தால் பொடிப்பொடியாகிவிடும்.

'கூரை வெட்டு'க்காக வாதாடுகிறவர்கள் சொல்வது ஒன்றே: மூலத்தில் வெட்டு இருக்கிறது, டாப் இருக்கிறது, நாங்கள் எதையும் சேர்க்கவில்லை. இங்கேதான் சறுக்குகிறார்கள். இந்த இடத்தில் டாப் என்பது கூரை அல்ல. கதவின் இடுப்புக்கு மேலே இருக்கும் தூண், கண்ணாடி, கூரை எல்லாம் சேர்ந்த மேல்பாகம் முழுதும் அது. மேல்பாகத்தை வெட்டிக் குட்டையாக்குவது என்றால் ஆங்கிலத்தில் பொருள் நேராக நிற்கிறது. தமிழில் கூரை என்றால் மேலே மூடியிருப்பது மட்டும். தலையை வெட்டு என்றால் தலை போய்விடும், மரத்தை வெட்டு என்றால் மரம் விழுந்துவிடும். கூரையை வெட்டு என்றால் கூரை போய்விட்டது என்று கேட்பவர் நினைக்காமல் வேறென்ன நினைப்பார்? இன்னொரு சிக்கலும் உண்டு. கண்ணாடிக்குக் கீழே உடலிலேயே நீளவாக்கில் ஒரு பட்டையை எடுத்துவிட்டு வண்டியை ஒல்லியாக்கும் வேலை தனியாக இருக்கிறது. வெட்டு என்ற சொல்லை இங்கே செலவழித்துவிட்டால் அதற்கு எதை வைப்பீர்கள்?

'தாழ்த்தல்' என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் வண்டியைத் தாழ்த்துவது என்றால் ஸ்பிரிங், அச்சு இவற்றை மாற்றி மொத்த வண்டியையும் தரைக்கு அருகே கொண்டுவருவது என்று ஏற்கெனவே புழங்குகிறது. 'தாழ்த்திய எஃப்-100' என்று ஒரு ஃபோர்டு பிக்கப்பைப் பற்றிப் படித்தால் எது தாழ்ந்தது என்று தெரியாது. 'தூண் குறைப்பு' என்று நானே சில நாள் எழுதினேன். குறைத்தல் என்பதற்கு வெட்டுதல் என்ற பழம்பொருளும் உண்டு, தலை துண்டான உடலைக் குறைத்தலை என்றார்கள். வெட்டும் சுருக்கமும் ஒரே சொல்லில் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டேன். ஆனால் ஆள் குறைப்பு என்று கேட்டுப் பழகிய காதுக்கு நான்கு தூணில் இரண்டை எடுத்துவிட்டார்கள் என்றுதான் படும். விட்டுவிட்டேன்.

எனக்குச் சரியாகப் படுவது கூரை இறக்கம். இறக்கம் என்றால் சரிவு அல்லவா என்று கேட்கலாம். தையல்காரர் 'கழுத்து இறக்கம் ஆறு இஞ்ச்' என்று குறிக்கும்போது யாரும் மலைச்சரிவை நினைப்பதில்லை. ஒன்று எவ்வளவு கீழே வந்திருக்கிறது என்ற அளவுக்கு அந்தச் சொல் நம்மிடம் தயாராகவே இருக்கிறது. 'கூரை இறக்கம் மூன்று அங்குலம்', 'நான்கு அங்குலம் கூரை இறக்கிய பிக்கப்', 'முன்பக்கம் கூடுதலாக இறக்கியிருக்கிறார்கள்' என்று வினையாகவும் பெயராகவும் வளைந்து கொடுக்கிறது.

அகராதியில் முதல் பொருளை எடுத்து அடுத்தடுத்து வைப்பது மொழிபெயர்ப்பு ஆகாது. தூய தமிழா கலப்பா என்பது எனக்கு அடுத்த கேள்விதான். பொருள் கெடும் தூய தமிழைவிட 'சாப் பண்ணிய வண்டி' எவ்வளவோ மேல், அதிலாவது தெரியாதவர் என்னவென்று கேட்பார். 'கூரை வெட்டு' என்றால் கேட்கவே மாட்டார், தப்பாகப் புரிந்துகொண்டு போய்விடுவார். வண்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதியிருந்தால் அந்த வசன வரி அப்படி வந்திருக்காது. கூரையை நிஜமாகவே அறுத்து எடுத்துத் திறந்த வண்டியாக்கினவர்களும் இருக்கிறார்கள். 'கூரை வெட்டிய வண்டி' என்ற பெயரை அவர்களுக்கு விட்டுவைப்போம்.