துருத்தியில் வெள்ளைப் பசை வேண்டாம்

பழைய தானியங்கிப் பியானோவைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது பசையைத்தான். துருத்திப் பலகை விளிம்பில், இன்று மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை தெரிந்தால் மனம் கனத்துவிடும். வயதால் வந்த கேட்டைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். முன்பு யாரோ அவசரத்தில் பார்த்த பழுதைச் சரிசெய்வதுதான் கடினம்.

இந்தக் கருவி காற்றை ஊதி இயங்குவதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது உறிஞ்சி இயங்குகிறது. மிதிகளை மிதிக்க மிதிக்கப் பெரிய துருத்திகள் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுகின்றன. துளையிட்ட காகிதச் சுருள் ஒரு பித்தளைப் பட்டையின்மேல் ஓடுகிறது. 1908-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் தயாரிப்பாளர்கள் கூடி முடிவெடுத்த பிறகு 11¼ அங்குல அகலச் சுருளும் 88 சுரங்களுக்கான துளைகளும் பொது அளவாயின. சுருளின் துளையும் பட்டையின் துளையும் நேர்ப்படும் கணத்தில் வெளிக்காற்று குழாய் வழியே புகுந்து மெல்லிய தோல் சவ்வைத் தூக்கும். சவ்வு வால்வைத் தூக்க, அந்தச் சுரத்துக்குரிய சிறு துருத்தி சட்டெனச் சுருங்கிச் சுத்தியலை இயக்கும்.

அந்தச் சிறு துருத்தி, இரண்டு பலகைகளும் அவற்றைச் சுற்றி ஒட்டிய ரப்பர் பூசிய பருத்தித் துணியும்தான். துணி காலப்போக்கில் விறைத்து வெடிக்கும். மாற்றியே ஆக வேண்டும். அன்றைய கைவினைஞர்கள் அதை வஜ்ஜிரத்தால் ஒட்டினார்கள். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசை, ஈரமும் சூடும் பட்டால் இளகிவிடும், மரத்துக்குக் காயமில்லை. வெள்ளைப் பசையோ மரத்தின் நுண்துளைகளில் இறங்கி இறுகிக்கொள்ளும். பிரிக்கும்போது பலகையே சிம்பு சிம்பாகப் பெயர்ந்து வரும். அண்மையில் ஒரு கருவிக்குப் பதினேழு பலகைகளைப் புதிதாக அறுத்துக் கொடுக்க நேர்ந்தது. சிலிக்கோன் பசை இன்னும் மோசம்: அது பட்ட இடத்தில் பிறகு வேறெந்தப் பசையும் பிடிக்காது.

“ஒரு சுரம்தான் ஒலிக்கவில்லை, அதை மட்டும் பாருங்கள்” என்பார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. எல்லாத் துணிக்கும் ஒரே வயது. ஒன்று கிழிந்தால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன.

இன்னொன்று: சில கருவிகளில் குழாய்கள் ஈயத்தால் ஆனவை. அவற்றில் படியும் வெள்ளைத் தூள் நஞ்சு. வெறுங்கையால் தொடாதீர்கள், வாயால் ஊதவே ஊதாதீர்கள்.

புதுத் துணி ஒட்டிக் காய்ந்ததும், துருத்தியை அழுத்தி, காற்றுத் துளையைக் கட்டைவிரலால் மூடிவிட்டு அழுத்தத்தை விடுவேன். பலகைகள் மூடியபடியே நிற்க வேண்டும். மெல்ல விரிந்தால் எங்கோ காற்று கசிகிறது. மறுபடி சூடு காட்டிப் பிரித்து, முதலிலிருந்து ஒட்டுவேன். வஜ்ஜிரம் என்பதால் அது முடிகிறது.