ஏற்காடு ஏத்தத்துல நாக்கிங்: ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலுக்குள்ள என்னதான் இருக்கு?

அஸ்தம்பட்டி வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார். அப்பா காலத்து கார், ஹெட்டை இழைச்சு கம்ப்ரஷனை (கலவையை எத்தனை மடங்கு நசுக்குதுங்குற கணக்கு) ஒன்பதரைக்கு ஏத்தி வெச்சிருக்காங்களாம், அடிவாரம் தாண்டி கொண்டை ஊசி வளைவு ஆரம்பிச்சதும் மூணாவது கியர்ல மிதிச்சா உள்ள கிணுகிணுன்னு சத்தம், எந்த ஆக்டேன் பூஸ்டர் ஊத்தலாம்னு.

ப்ளக் பத்த வெச்ச தீ சிலிண்டர் முழுக்க பரவி முடியறதுக்குள்ள, ஓரத்துல மிச்சம் இருக்குற கலவை அழுத்தம் தாங்காம தானா வெடிச்சா அதான் நாக்கிங். அதைத் தாங்குற சக்திக்கான மார்க்தான் ஆக்டேன், அதுல ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0ன்னு போட்டிருக்காங்க, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

ஆனா ரெண்டுமே வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தானே, எப்படி இவ்ளோ வித்தியாசம்? ஹெப்டேன்ல ஏழு கார்பன் நேரா வரிசையா இருக்கு. சூட்டுல ஒரு ஹைட்ரஜன் கழண்டா அந்த இடத்துல ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வந்து ஒட்டிக்கும், சங்கிலி நல்லா வளைஞ்சு குடுக்குறதால அந்த ஆக்சிஜனோட வெளி முனை அப்படியே திரும்பி அதே சங்கிலியில கொஞ்சம் தள்ளி இருக்குற இன்னொரு ஹைட்ரஜனைப் பிடுங்கும், தன் வாலைத் தானே கவ்வுற பாம்பு மாதிரி! பிடுங்கின இடத்துல இன்னொரு ஆக்சிஜன் ஒட்டும், கடைசியில மொத்தமும் உடையறப்ப உள்ள போன ஒரு ரேடிக்கலுக்கு (இப்படி ஹைட்ரஜன் கழண்டு அரைகுறையா அலையுற துண்டு) பதிலா ரெண்டு மூணு வெளிய வரும், அதுல ஒவ்வொண்ணும் பக்கத்து மூலக்கூறைத் தாக்கும், கொஞ்ச மில்லி செகண்ட்ல ப்ளக் இல்லாமலே தீ. ஐசோ ஆக்டேன்ல எட்டு கார்பன்ல அஞ்சு கிளை முனையில மெத்திலா (ஒரு கார்பன், மூணு ஹைட்ரஜன்) நிக்குது, அங்க இருக்குற ஹைட்ரஜன் கெட்டியா ஒட்டியிருக்கும், ஆக்சிஜன் வளைஞ்சு வந்தாலும் லேசுல பிடி குடுக்காது. வடிவம் மாறினதுக்கே 0க்கும் 100க்கும் உள்ள தூரம்! வேதியியல்ல எனக்கு இதைவிட பிடிச்ச விஷயம் கிடையாது.

பாட்டில்ல இருக்குறது எதுவா இருந்தாலும் வேலை ரேடிக்கல் ரேடிக்கலா பெருகுற இந்த சங்கிலித் தொடரை எங்கயாவது அறுக்குறதுதான். 1921ல மிட்ஜ்லி கண்டுபிடிச்ச ஈயக் கலவை எரியறப்ப வர்ற ஈய ஆக்சைடு பொடி ரேடிக்கலை விழுங்கிடும். குழந்தைங்க மூளையைக் கெடுக்குற விஷம் அது, இந்தியாவுல 2000ல நிறுத்தினாங்க, திரும்ப வரவே கூடாது. எம்எம்டின்னு லேபிள்ல இருந்தா மாங்கனீஸ் கலவை, அதே மாதிரி வேலை, கொஞ்சம் ஊத்தினா போதும், அளவு மீறினா ப்ளக்ல செங்கல் கலர்ல படியும். ஃபெரோசீன்னா இரும்புக் கலவை, அதோட படிவுல கரண்ட் பாஞ்சு ப்ளக் மிஸ் அடிக்கும், நான் வேண்டாம்னுதான் சொல்வேன். டொலுவீன்ல உருவாகுற ரேடிக்கல் நிதானமானது, சட்டுனு ஆக்சிஜனோட சேராது, ஆனா நாப்பது லிட்டர் டேங்க்குக்கு நாலு லிட்டர் ஊத்தினாதான் மூணு நம்பர் கிட்ட ஏறும், சின்ன பாட்டில்ல அது நடக்காது.

இன்னொண்ணு, "5 பாயின்ட் ஏறும்"னு எழுதியிருந்தா மயங்கிடாதீங்க, இந்த வியாபாரத்துல பத்து பாயின்ட் சேர்ந்தாதான் ஒரு ஆக்டேன், அதாவது 91 வெறும் 91.5 ஆகும். ஆக்டேன் அளக்க கம்ப்ரஷனை ஓட்டத்துலயே மாத்துற ஒத்தை சிலிண்டர் சிஎஃப்ஆர் இன்ஜின்னு ஒண்ணு இருக்கு, கடையில விக்குற ஒவ்வொரு பாட்டிலையும் அதுல போட்டுப் பாத்து ரிசல்ட்டை வெளியிட அரசாங்கம் காசு ஒதுக்கணும், அது இல்லாததாலதான் ஆக்டேன் ஏறும்னு நம்பி டேங்க்ல அந்துருண்டை போடுற வழக்கம் இன்னும் ஓயல. பெட்ரோல் ஆவியானா அந்துருண்டையில இருக்குற நாப்தலீன் திரும்ப கட்டியாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைச்சிடும், தயவுசெஞ்சு போடாதீங்க.

அந்த காருக்கு நான் சொல்றது: மொதல்ல ஹெட்டுல கார்பன் இருந்தா சுரண்டுங்க, ப்ளக் பத்த வெக்கிற டைமிங்கை ரெண்டு டிகிரி பின்னாடி வைங்க, வளைவுல ரெண்டாவது கியருக்கு இறங்குங்க. அப்புறம் 95 ஆக்டேனுக்கு மேல கிடைக்குற பெட்ரோல் போடுங்க. மேல போகப்போக காத்து மெலிசாகி நாக்கிங் தானா குறையும், அதனால கீழ் வளைவுகள்ல கவனிச்சுப் பாருங்க, அங்கயும் சத்தம் கேட்டா மட்டும் எம்எம்டி பாட்டில், லேபிள்ல போட்ட அளவுக்கு மேல ஒரு சொட்டு வேண்டாம்.

இ20 பெட்ரோல்ல 20 சதவீதம் இருக்குற எத்தனால் ஆவியாகறப்ப நிறைய சூட்டை உறிஞ்சும், நாக்கிங்குக்கு நல்லதுதான், ஆனா பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் ஊறி நைஞ்சு போகும். பூஸ்டருக்கு குடுக்குற காசுல முதல்ல அதை மாத்துங்க.