பை இருக்கிறது, முட்டை எங்கே?

"ஸ்கேனில் மூன்று ஃபாலிக்கிள் (முட்டை வளரும் பை) காட்டினார்கள். முட்டை எடுத்த அன்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்கிறார்கள். பை இருந்தும் முட்டை எப்படி இல்லாமல் போகும்?" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். வயது 38, ஏ.எம்.ஹெச். 0.7. கருமுட்டைக் கையிருப்பு குறைந்துவிட்டது என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள்.

பெண் குழந்தை பிறக்கும்போதே 10 லட்சத்துக்கு மேல் கருமுட்டைகளோடு பிறக்கிறது. அப்புறம் குறைவதுதான், கூடுவதில்லை. எஞ்சியது எவ்வளவு என்பதை ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோனின் ரத்தப் பரிசோதனை குத்துமதிப்பாகச் சொல்லும்; முட்டையின் தரத்தைச் சொல்லாது. ஐ.வி.எஃப். எனப்படும் சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சையில் தினமும் ஹார்மோன் ஊசி போட்டு, அந்த மாதம் வளரத் தயாராக இருக்கும் ஃபாலிக்கிள்களை எல்லாம் ஒருசேர வளர்க்கிறார்கள். கையிருப்பு குறைந்தவருக்கு மருந்தை எவ்வளவு கூட்டினாலும் இரண்டோ மூன்றோதான் வரும். இருப்பதை வளர்க்கத்தான் மருந்தால் முடியும், இல்லாததை உண்டாக்க முடியாது.

சரி, கேள்விக்கு வருவோம். ஸ்கேனில் தெரிவது முட்டையே அல்ல, 18, 20 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு நீர்ப்பை. முட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். பையின் உட்சுவரில், தன்னைச் சூழ்ந்த செல்களோடு அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது தொடங்கிய செல் பிரிதலைப் பாதியில் நிறுத்தியது நிறுத்தியபடி இத்தனை வருடமும் காத்திருக்கிறது. சுற்றியுள்ள செல்கள் நுண்ணிய வழிகள் மூலம் ஒரு வேதிப்பொருளை ஓயாமல் அனுப்பி, "இப்போது வேண்டாம்" என்று அதை நிறுத்திவைத்திருக்கின்றன.

கடைசியாகப் போடும் ட்ரிகர் ஊசி இந்தக் கட்டளையைத் துண்டிக்கிறது. சில மணி நேரத்தில் அந்த வேதிப்பொருளின் அளவு சரிகிறது. 38 வருடம் நின்றுகிடந்த பிரிதல் மீண்டும் தொடங்குகிறது. அதே நேரத்தில் சுற்றியுள்ள செல்கள் ஹயலூரானிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அது நீரை இழுத்துப் பிடித்து உப்புகிறது. தண்ணீரில் ஊறிய சப்ஜா விதையைப் பாருங்கள்: நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் வழவழப்பான கூழ். முட்டையும் அப்படியே ஆகி, சுவரை விட்டு மெல்லக் கழன்றுகொள்கிறது. இந்த ஒரு நிகழ்வுக்காகவே இந்தத் துறை எனக்குப் பிடித்துப்போனது.

இதற்கு 34 முதல் 36 மணி நேரம் தேவை. ரொம்ப முன்னால் முட்டை எடுக்கும் ஊசியை நுழைத்தால் முட்டை சுவரிலேயே தங்கிவிடும், நீர் மட்டும்தான் வரும். ரொம்பத் தாமதித்தால் பை தானாக வெடித்து முட்டை வெளியேறிவிடும். திங்கள் இரவு பத்து மணிக்கு ட்ரிகர் என்றால் புதன் காலை பத்து மணிக்கு முட்டை எடுப்பது என்று மணி பார்த்துக் குறிப்பது இதனால்தான்.

எடுக்கும் முறை சுருக்கமானது. மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் கருவியை வைத்து, அதை ஒட்டியே நீண்ட ஊசியைச் சினைப்பைக்குள் செலுத்தி மெதுவாக உறிஞ்சுவார்கள். திரையில் பை சுருங்கும். 37 டிகிரி சூட்டில் வைத்த குழாயில் நீர் விழும். பக்கத்து அறையில் எம்ப்ரியாலஜிஸ்ட் (கருவியல் நிபுணர்) அதைத் தட்டில் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் அந்தக் கூழ்த் திட்டைத் தேடுவார். இருபது முட்டை வருபவருக்கு ஒன்று தவறினால் பெரிதில்லை. மூன்று பையே உள்ளவருக்கு ஒவ்வொன்றும் முக்கியம். அதனால் சுருங்கிய பைக்குள் ஊசி முனையைத் திருப்பித் திருப்பி உறிஞ்சுவார்கள். ஊசியிலும் அதன் குழாயிலும் சுமார் ஒரு மில்லி நீர் தங்கும். முட்டை அதிலேயே நின்றுவிடலாம் என்பதால் அதையும் கழுவித் தட்டில் ஊற்றிப் பார்ப்பார்கள்.

இரட்டைத் துளை ஊசி என்று ஒன்று உண்டு. ஒரு வழியில் திரவத்தை விட்டுப் பையை அலசி, மறுவழியில் உறிஞ்சலாம். கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வில், அலசியதால் குழந்தைப் பிறப்பு கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை, நேரம்தான் கூடியது. இதற்குத் தனிக் கட்டணம் கேட்பது சரியல்ல என்பது என் கருத்து.

1978இல் இங்கிலாந்தின் ஓல்டாமில் பிறந்த, உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் ஒரே ஒரு முட்டையிலிருந்து வந்தவர். தூண்டும் ஊசிகள் இல்லை. தாயின் சிறுநீரில் ஹார்மோன் ஏறும் நேரத்தை விடாமல் கண்காணித்து, வயிற்றில் சிறு துளையிட்டுச் செலுத்தும் லேப்ராஸ்கோப் வழியாக அந்த முட்டையை எடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜி, லேப்ராஸ்கோப் இல்லாமல் பிறப்புறுப்புச் சுவர் வழியாகவே முட்டை எடுத்து, கருவை உறையவைத்து, துர்கா என்ற குழந்தையைப் பிறக்கவைத்தார். அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. வேறு துறைக்கு மாற்றினார்கள். 1981இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். கையில் இருந்த ஆராய்ச்சியை நாமே நசுக்கினோம். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

கையிருப்பு குறைந்தவர்களுக்கு உண்மையில் நேரத்தை மிச்சப்படுத்துவது இரட்டைத் தூண்டல். ஃபாலிக்கிள்கள் ஒரே மாதத்தில் அலை அலையாக எழுகின்றன. ஒருமுறை முட்டை எடுத்த சில நாட்களிலேயே மறுபடி ஊசி தொடங்கி, அதே சுழற்சியில் இரண்டாம் முறையும் எடுத்து உறையவைக்கலாம். "தோஷப் பரிகாரம் முடியட்டும்" என்று ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்கிற குடும்பங்களுக்கு நான் சொல்வது: கோயிலுக்குப் போங்கள், சிகிச்சையையும் அதே வாரம் தொடங்குங்கள்.

வாசகிக்கு: ட்ரிகர் ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது, முட்டை எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். அது ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஊசி என்றால், மறுநாள் ரத்தத்தில் அது ஏறியதா என்று பார்த்தார்களா என்றும் கேளுங்கள். மருந்து உடலில் சேராமலே போவதும் உண்டு. முதல் பையில் முட்டை வராதபோதே ரத்தத்தைச் சோதித்து அது தெரிந்துவிட்டால், மீதிப் பைகளைத் தொடாமல் நிறுத்தி, புது ட்ரிகர் போட்டு, 36 மணி நேரம் கழித்து எடுக்க வழியிருக்கிறது.