வியாழக்கிழமை வந்தால் யாரும் குடிப்பதில்லை

"தினமும் கிடையாதுங்க டாக்டர். சனிக்கிழமை மட்டும்தான்."

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர் அவர். துணி வெட்டுகிற கட்டிங்கைச் சொல்கிறேன். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கண்கள் மஞ்சளாகி, கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து வந்திருந்தார். சனிக்கிழமை வாரச் சம்பளம். வாங்கிய கையோடு ஓர் ஆஃப். அவர் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க மனைவி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆஃப் என்றால் 375 மில்லி. பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். ஒரு மில்லி ஆல்கஹால் 0.79 கிராம் எடை. ஆக ஒரே இரவில் ஏறக்குறைய 127 கிராம் உள்ளே போகிறது. இதையே ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 18 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் ஆண்களுக்கு நாள் சராசரி 40 கிராம் வரை 'குறைந்த ஆபத்து'. அந்த வகைப்பாட்டின்படி அந்த மனிதருக்குப் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. அவருடைய வயிற்றிலிருந்து நான் நான்கு லிட்டர் நீர் எடுத்தேன்.

நான் கோவையில் குடல், கல்லீரல் நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர். கல்லீரல் கெட்ட பிறகும் குடியை விட முடியாதவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் ஓர் ஆய்வைத் திட்டமிடும் சிறு குழுவில் சில மாதங்களாக இருக்கிறேன். எந்த மருந்து என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட்டோம். 'குடியை விட்டார்' என்று யாரைச் சொல்வது என்ற கேள்வியில்தான் மற்ற எல்லாக் கூட்டங்களும் கழிந்தன.

இந்த நோயாளிகள் எப்போதும் இரண்டு கதவுகளுக்கு நடுவே நிற்பவர்கள். குடிநோய்க்கான மருந்துகளைச் சோதித்த பெரும்பாலான ஆய்வுகள், கல்லீரல் கெட்டவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பின. கல்லீரலுக்கான ஆய்வுகளோ, "முதலில் குடியை விட்டுவிட்டு வா" என்றன. மருந்து யாருக்கு மிக அவசரமாகத் தேவையோ, அவரிடம் அது பெரும்பாலும் சோதிக்கப்படவே இல்லை. குடியை நிறுத்தத் தரும் மருந்துகளில் டைசல்ஃபிராம் கல்லீரலையே தாக்கக்கூடியது. நால்ட்ரெக்சோனின் உறை மீது நெடுங்காலம் கல்லீரல் எச்சரிக்கை இருந்தது, பிறகுதான் அதை நீக்கினார்கள். அகாம்ப்ரோசேட் கல்லீரலைத் தொடாமல் சிறுநீரகம் வழியே வெளியேறும். ஆனால் முற்றிய கல்லீரல் நோயில் சிறுநீரகமும் சேர்ந்தே தளர்ந்துவிடுகிறது.

கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களிடமே நடத்தி, இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு 2007இல் இத்தாலியிலிருந்து வந்தது. பேக்லோஃபென் என்ற மருந்தை 84 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். மருந்து பெற்ற 42 பேரில் 30 பேர் குடிக்காமல் இருந்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்ற 42 பேரில் 12 பேர். நம்பிக்கை தரும் எண்கள்தான். ஆனால் பேக்லோஃபென் தூக்கக் கலக்கம் தரும். கல்லீரல் நோயால் ஏற்கெனவே மூளை குழம்பும் நிலையில் இருப்பவருக்கு அது ஆபத்து. இன்னொரு சங்கடமும் உண்டு. யாருக்கு எது என்று தெரியக்கூடாது என்பதற்காகத்தான் இரண்டு மாத்திரைகளையும் ஒரே நிறத்தில் செய்கிறோம். தூக்கம் சொக்கினால் தனக்கு அசல் மாத்திரை என்று நோயாளி மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிடுகிறார்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் முதல் வரைவில் நோயாளிகளை வியாழக்கிழமைதோறும் வரச் சொல்லி எழுதியிருந்தோம். காரணம் மருத்துவ அறிவியல் அன்று. அன்றுதான் எங்களுக்குப் புறநோயாளிகள் அறை காலியாக இருக்கும். ஊதிப் பார்க்கும் கருவி சில மணி நேரக் குடியைத்தான் காட்டும். மது உடலில் மாறி உருவாகும் எத்தில் குளுக்குரோனைடு என்ற பொருளைச் சிறுநீரில் தேடும் சோதனை இரண்டு மூன்று நாள்வரை பிடிக்கும். சனி இரவு குடித்தவர் வியாழன் காலை வந்தால் இரண்டிலும் தப்பித்துவிடுவார். எங்கள் ஆய்வில் எல்லோரும் உத்தமர்களாகியிருப்பார்கள். பல்லடத்து விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்த எங்கள் செவிலியர்தான் இதைச் சொன்னார். "கூலி வாங்குவது சனிக்கிழமை டாக்டர், நீங்கள் வியாழக்கிழமை ஏன் கூப்பிடுகிறீர்கள்?" திங்கட்கிழமைக்கு மாற்றினோம்.

நாள் தெரிந்துவிட்டால் அதற்கு ஏற்பக் குடிப்பவர்களும் உண்டு. ஆகவே பாஸ்பாடிடைல் எத்தனால் என்ற இரத்தப் பரிசோதனையையும் சேர்த்திருக்கிறோம். மது உள்ளே போனால் மட்டுமே சிவப்பணுக்களின் சவ்வில் உருவாகும் பொருள் அது. இரண்டு முதல் நான்கு வாரக் குடியைச் சொல்லிவிடும். ஜிஜிடி என்ற கல்லீரல் நொதியை அளப்பது போன்ற பழைய பரிசோதனைகள் இங்கே உதவா. கல்லீரல் நோயே அவற்றை உயர்த்திவிடும். புதிய பரிசோதனையிலும் ஓர் ஓட்டை உண்டு. இரத்த வாந்தி எடுத்து இரத்தம் ஏற்றப்பட்டவரிடம், சில வேளைகளில், இரத்தம் கொடுத்தவர் குடித்த மதுவும் சேர்ந்து தெரியும்.

பரிசோதனை எது வந்தாலும் வாய்விட்டுக் கேட்காமல் முடியாது. "வாரத்துக்கு எத்தனை?" என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. பொய் சொல்கிறார்கள் என்றே நினைக்க வேண்டாம், வாரக் கணக்கில் யாருக்கும் குடி நினைவில் நிற்பதில்லை. தினசரி காலண்டரை முன்னால் வைத்து, நாள் நாளாகப் பின்னோக்கிக் கேட்கிறோம். இது வெளிநாடுகளில் பல ஆண்டுகளாக நடக்கும் முறை. நாங்கள் சேர்த்தது ஊர்க் குறிப்புகள் மட்டும்: சம்பள நாள், சந்தை நாள், மாரியம்மன் நோம்பி (திருவிழா), பங்காளி வீட்டுக் கிடாவெட்டு. "நோம்பிக்கு முந்தின நாள்?" என்று கேட்டால் பதில் உடனே வருகிறது.

நோம்பியில் குடிப்பவர்கள் கார்த்திகையில் நிறுத்திவிடுகிறார்கள், இது எங்களுக்குப் பெரிய தலைவலி. ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாள் ஒரு சொட்டு தொடமாட்டார். எங்கள் 12 வாரச் சோதனை கார்த்திகை முதல் தேதி தொடங்கினால், 84 நாளில் கிட்டத்தட்டப் பாதி விரதத்திலேயே போய்விடும். குலுக்கல் முறையில் பிரித்தால் மாலை போட்டவர்கள் இரு குழுக்களிலும் சமமாகத்தானே இருப்பார்கள் என்றார் புள்ளியியல் வல்லுநர். உண்மைதான். ஆனால் இரு குழுக்களிலும் பாதிப் பேர் குடிக்கவில்லை என்றால் மருந்தின் பலன் எங்கே தெரியும்? நல்ல மருந்தும் பயனற்றது என்று எழுதிவிட்டுப் போவோம். ஆகவே ஆண்டு முழுக்க ஆட்களைச் சேர்ப்பது, ஒவ்வொருவரையும் ஓராண்டு தொடர்வது என்று மாற்றினோம். செலவு ஏறியது. நிதி தருபவர் முகம் சுளித்தார்.

ஆய்வுக்கு வெளியிலும் கவனிக்க வேண்டிய ஒன்று. 'அவருக்கே தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கலாம்' என்று விற்கப்படும் பொடிகளை வாங்கிவரும் பெண்களைப் பல முறை சந்தித்திருக்கிறேன். அவர்கள் வேதனை புரிகிறது. அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் இருந்து, அவர் அதன்மேல் குடித்தால் நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். கல்லீரல் சுருங்கியவருக்கு இரட்டை ஆபத்து. தயவுசெய்து கொடுக்காதீர்கள். நெடுநாள் குடித்தவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி அறையில் பூட்டவும் வேண்டாம். கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும்.

சிலர் நடுவில் காணாமல் போவார்கள். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு வண்டியில் வேலை செய்பவர் வடமாநிலத்துக்குப் போனால் திரும்பப் பல மாதமாகும். அவரை 'குடிக்கவில்லை' என்று எழுதுவது மோசடி. 'குடித்தார்' என்று எழுதுவது வழக்கம், அதுவும் அநியாயமாகலாம். தொலைபேசியில் தொடர்வது, போகும் ஊரில் இரத்தம் எடுக்க ஏற்பாடு செய்வது என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறோம். இறந்தவரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். இறந்தவர் குடிப்பதில்லைதான், அதற்காக அவரை வெற்றிக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

உங்களை யாராவது இப்படியோர் ஆய்வுக்கு அழைத்தால், அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள், 2009 முதல் அது கட்டாயம். வெற்று மாத்திரை வந்தாலும் வழக்கமான சிகிச்சையும் ஆலோசனையும் கிடைக்குமா என்று கேளுங்கள். நடுவில் விலகினால் சிகிச்சை நிற்காது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளி குழப்பத்தில் இருக்கும் நேரத்தில் கைநாட்டு வாங்க யாருக்கும் உரிமை இல்லை.

ஒப்புதல் படிவத்தின் வரைவைக் கோபிசெட்டிபாளையம் பக்கத்து விவசாயி ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். குடியை விட்டு மூன்று ஆண்டானவர், வயது எழுபதை நெருங்கும். கடைசிப் பக்கம்வரை பேசாமல் கேட்டார்.

"ஏன் அம்மிணி, ஒரு வருசம் மாத்திரை சும்மா கொடுப்பீர்கள். அது நன்றாக வேலை செய்தது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் யார் கொடுப்பார்கள்?"

வரைவில் அதற்கு ஒரு வரியும் இல்லை. அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதுதான் முதல் பொருள்.